ஆறாம் வகுப்பில் மிரண்டு நிற்கும் பிள்ளை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்து சேருகிறார்கள். ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியராக அந்தப் பிள்ளைகளையும் அவர்களைக் கொண்டுவந்து விடும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிமாரையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு வருடமும் அவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை சுட்டியாக இருந்தான். இங்கே வந்ததிலிருந்து வாயே திறப்பதில்லை. என்ன ஆயிற்று இவனுக்கு?

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைப் பெரியவர்கள் சரியாக நினைத்துப் பார்ப்பதில்லை.

அவன் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மொத்தமே முப்பது நாற்பது பிள்ளைகள் இருந்திருப்பார்கள். இரண்டு ஆசிரியர்கள். ஒரே டீச்சர் காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லாப் பாடமும் எடுப்பார். அந்த டீச்சருக்கு அவன் பாட்டியைத் தெரியும், வீட்டில் ஆடு குட்டி போட்டதுகூடத் தெரியும். ஐந்தாம் வகுப்பு என்றால் அந்தப் பள்ளிக்கே அவன்தான் பெரியவன். மணி அடிப்பது, சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது, தலைமையாசிரியருக்குத் தண்ணீர் கொண்டுவருவது எல்லாம் அவன் வேலை.

இரண்டு மாத விடுமுறை முடிந்து ஜூன் மாதம் வந்ததும் ஆயிரம் பேர் படிக்கிற பள்ளியில் அவன்தான் ஆகச் சின்னவன். மீசை முளைத்த பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்மார்கள் பக்கத்தில் நடந்துபோனாலே நெஞ்சு படபடக்கிறது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் மணி அடிக்கிறது, ஆசிரியர் மாறுகிறார். தமிழுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர். யாருக்கும் அவன் பெயர் தெரியாது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து முழுப் பெயரையும் இனிஷியலையும் சேர்த்துக் கூப்பிடும்போது, அது தன்னைத்தான் என்று புரியாமல் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் அவர்களுக்கு வேறு பெயர்.

இத்தனையும் ஒரே காலையில் மாறினால் யாராக இருந்தாலும் கொஞ்ச நாள் அமைதியாகத்தான் இருப்பார்கள். அந்த அமைதியில் பாதி பயம், பாதி கவனிப்பு. யார் எப்படி, எங்கே எது என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். அதைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட வந்த மற்ற பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். இவள் மட்டும் ஏன் இப்படி? பயந்த சுபாவமா?

பிள்ளைகள் எல்லோரும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் நியூயார்க்கில் 1956-ல் தொடங்கி, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் போல, புதிய ஆளையோ புதிய இடத்தையோ கண்டால் முதலில் ஒதுங்கி நின்று, அப்புறம் மெல்ல மெல்லப் பழகுகிற வகை என்று கண்டார்கள். இது நோயும் இல்லை, வளர்ப்பில் வந்த குறையும் இல்லை. அவசரப்படுத்தினால் இந்தப் பிள்ளைகள் இன்னும் ஒதுங்குவார்கள் என்பதும், நேரம் கொடுத்தால் நன்றாகப் பழகிவிடுவார்கள் என்பதும் அவர்கள் சொன்னதுதான். என் வகுப்பிலும் அதைத்தான் பார்க்கிறேன். ஜூன் மாதம் கடைசிப் பெஞ்சில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த பிள்ளை ஜனவரியில் குடியரசு தினத்துக்குப் பாட்டுப் பாட நிற்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை காதுபட "இவ ரொம்பப் பயந்த சுபாவம் சார்" என்று ஆசிரியரிடம் சொல்லாதீர்கள். "பழகக் கொஞ்சம் நேரம் எடுப்பா" என்று சொல்லுங்கள். முதலாவதைக் கேட்கிற பிள்ளை அதையே தன் குணம் என்று நம்பிவிடும்.

தினமும் காலையில் வயிற்று வலி என்கிறான். பள்ளிக்கூட பஸ் போனதும் சரியாகிவிடுகிறது. நடிக்கிறானா?

நடிப்பு இல்லை. பயந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கும், கை வியர்க்கும், செரிமானம் மந்தப்படும், வயிற்றைப் பிசையும், சிறுநீர் வருவது போல இருக்கும். வலி உண்மையானது, காரணம் வயிற்றில் இல்லை, அவ்வளவுதான். சனி, ஞாயிறில் வலி இல்லாமல் திங்கள் காலையில் மட்டும் வந்தால் பெரும்பாலும் இதுதான். காய்ச்சல், வாந்தி, எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி இவை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பலர் பள்ளியிலேயே உப்புமா, பொங்கல், கிச்சடி என்று சாப்பிட்டுப் பழகியவர்கள். ஆறாம் வகுப்புக்கு வரும்போது அந்தப் பழக்கம் அறுந்துபோகிறது. அம்மா நூறு நாள் வேலைக்கோ களை எடுக்கவோ விடிந்ததும் போய்விடுகிறார். பிள்ளை ஒரு டம்ளர் டீயோடு பஸ் ஏறுகிறது. மதியம் சத்துணவு கிடைக்கும்தான், அது பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஆனால் மதியம் வரை காலி வயிறு. காலி வயிற்றோடு இருக்கிற பிள்ளைக்குச் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது "காலையில என்ன சாப்பிட்டே?" என்றுதான். பழைய சோறானாலும் சரி, சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

பயம் தெளிகிற வரை ஒரு வாரம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அப்புறம் அனுப்பலாமா?

வேண்டாம். பிள்ளை மேல் உள்ள பாசத்தில் பெற்றோர் செய்வதுதான். ஆனால் அது பிள்ளைக்குக் கஷ்டத்தைக் கூட்டும்.

பயம் ஏறி உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும். உள்ளேயே இருந்தால் அந்த இறக்கத்தைப் பிள்ளை தன் உடம்பிலேயே உணரும். உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குக் கூட்டிவந்தால் சட்டென்று நிம்மதி வரும். "வெளியே வந்தால்தான் தப்பிக்க முடியும்" என்று உடம்பு கற்றுக்கொள்ளும். அடுத்த திங்கட்கிழமை இதைவிடக் கடினமாக இருக்கும். அதற்குள் வகுப்பில் யார் யாரோடு உட்காருவது என்று முடிவாகியிருக்கும், சேக்காளிகள் சேர்ந்திருப்பார்கள். உங்கள் பிள்ளை மறுபடியும் புதுப் பிள்ளையாக நுழைய வேண்டும்.

முழு நாள் முடியவில்லை என்றால் ஆசிரியரிடம் பேசி முதல் இரண்டு நாள் மதியம் வரை இருக்க வையுங்கள். குறைத்தாவது அனுப்புங்கள், நிறுத்திவிடாதீர்கள். அதேபோல, வகுப்பில் உட்கார வைத்துவிட்டுச் சொல்லாமல் நழுவி வராதீர்கள். திரும்பிப் பார்க்கும்போது அப்பா இல்லை என்றால் பிள்ளை அடுத்த நாள் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாது. "நான் கிளம்பறேன், நாலரைக்கு இந்தப் புளியமரத்துக்கிட்ட நிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே நில்லுங்கள்.

சரி, தைரியம் எப்படித்தான் வரும்? "தைரியமா இரு" என்று தினமும் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

அந்தச் சொல்லால் பிள்ளைக்குப் பயன் இல்லை. எதைச் செய்தால் தைரியமாக இருப்பது என்று அதற்குத் தெரியாது. இத்தனை வருடங்களில் நான் பார்த்தது, பிள்ளைக்குத் தைரியம் மூன்று வழியாக வருகிறது. இடம் தெரிய வேண்டும், ஒரு ஆளைத் தெரிய வேண்டும், செய்வதற்கு ஒரு வேலை வேண்டும்.

முதலில் இடம். வீட்டில் புது மாடு வாங்கி வந்தால் இரண்டு நாள் கட்டுத்தறியைச் சுற்றி மோந்து பார்த்த பிறகுதான் புல்லைத் தின்னும். பிள்ளைக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள். பள்ளி திறப்பதற்கு முன்பு, சேர்க்கைக்காக வருகிற நாளிலேயே வளாகம் முழுவதும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். வகுப்பறை, தலைமையாசிரியர் அறை, குடிதண்ணீர்க் குழாய், சத்துணவுக் கூடம், சாயங்காலம் வெளியே போகும் வாசல். எல்லாவற்றையும்விட முக்கியம் கழிப்பறை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் கழிப்பறை எங்கே என்று தெரியாமலும், தெரிந்தாலும் அங்கே பெரிய பிள்ளைகள் நிற்பதாலும், நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அடக்குவதற்காகத் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சாயங்காலம் தலைவலி, போகப்போகச் சிறுநீர்க் கடுப்பு. பெண் பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்க்கிறேன். இடைவேளை மணி அடித்ததும் கூட்டமாக இருக்கும், பாட வேளை நடுவில் கேட்டுவிட்டுப் போகலாம், கேட்டால் தப்பில்லை என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள்.

கேட்பதற்கான வாக்கியத்தையும் சொல்லிக்கொடுங்கள். நிறையப் பிள்ளைகள் மிரண்டு நிற்பது வாயில் வார்த்தை தயாராக இல்லாததால்தான். "சார், பாத்ரூம் போயிட்டு வரட்டுமா?" "மிஸ், எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்றீங்களா?" "அக்கா, ஆறாம் வகுப்பு பி பிரிவு எங்க இருக்கு?" "இங்க நான் உட்காரலாமா?" இந்த நாலு வாக்கியத்தையும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். நீங்கள் கணக்கு சார் மாதிரி உட்காருங்கள், பிள்ளை வந்து கேட்கட்டும். சிரித்துக்கொண்டே செய்தால் போதும். அடுத்த நாள் வகுப்பில் வார்த்தை தானாக வரும்.

அடுத்து ஆள். எல்லா ஆசிரியரையும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை, ஒருவர் போதும். அது வகுப்பாசிரியராக இருக்கலாம், சத்துணவு ஆயாவாக இருக்கலாம், உங்கள் ஊரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு படிக்கிற அக்காவாக இருக்கலாம். "என்ன ஆனாலும் இவங்ககிட்ட போ" என்று அந்த ஆளின் முன்னாலேயே பிள்ளையிடம் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு சத்துணவு அம்மா உண்டு. சோறு போடும்போது ஒவ்வொரு ஆறாம் வகுப்புப் பிள்ளையையும் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஜூன் மாதத்தில் எங்கள் எல்லோரையும்விட அதிகப் பிள்ளைகளைத் தேற்றுவது அவர்தான்.

அப்புறம் வேலை. இதை ஆசிரியர்கள் செய்ய வேண்டும், நீங்கள் எங்களிடம் கேட்கலாம். அழுதுகொண்டே இருந்த ஒரு பையனிடம், தினமும் முதல் பாட வேளைக்கு அலுவலகத்திலிருந்து சாக்பீஸ் எடுத்துவரச் சொன்னேன். முதல் நாள் வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டான். இன்னொரு பையனைச் சேர்த்து அனுப்பினேன். மூன்றாம் நாள் தனியாகப் போய் வந்தான். எழுத்தர் அவனிடம் பெயர் கேட்டார், அடுத்த நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்ச நாளில், தாமதமாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அலுவலகத்துக்கு வழி காட்டுகிறவன் அவனானான். அந்தப் பையனுக்குப் பயம் போன பிறகு நான் வேலை கொடுக்கவில்லை. பயந்துகொண்டேதான் அவன் நடந்தான். நடந்து நடந்துதான் அது விட்டது.

உயிர்த் தோழியை வேறு பிரிவில் போட்டுவிட்டார்கள். மாற்றித் தரச் சொல்லலாமா?

தாராளமாகக் கேளுங்கள், முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஒரே ஊரிலிருந்து வந்த இருவரை ஒரே பிரிவில் போடுவது தலைமையாசிரியருக்குப் பெரிய காரியம் இல்லை. முடியாது என்றால் மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் எந்த இடத்தில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளட்டும்.

பஸ்ஸில் தனியாகப் போக வேண்டும். அதுதான் பெரிய பயமாக இருக்கிறது, அவளுக்கும் எங்களுக்கும்.

நியாயமான பயம். சட்டப்படி ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் ஆறு முதல் எட்டு வகுப்புகள் உள்ள பள்ளி இருக்க வேண்டும். நடந்தே போய் வந்த பிள்ளைக்கு அந்த மூன்று கிலோமீட்டரே வேறு உலகம்.

பள்ளி திறப்பதற்கு முன் அதே பஸ்ஸில், அதே நேரத்தில் கூடப் போய் வாருங்கள். ஒரு தடவை நீங்கள் வழி காட்டுங்கள். இன்னொரு தடவை பிள்ளை வழி காட்டட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள். இறங்கும் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவைக்கட்டும்: பெட்ரோல் பங்க், கோயில் வளைவு, ரேஷன் கடை. கூட்டத்தில் ஜன்னல் தெரியாவிட்டால் கண்டக்டரிடம் கேட்கலாம். ஒரு தடவை தவறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் பேசிவிடுங்கள். அங்கேயே நின்று, கடைக்காரரிடமோ போலீஸ்காரரிடமோ கேட்டு உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். உங்கள் எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும், நோட்டில் எழுதி வைத்தால் மட்டும் போதாது.

அரசுப் பேருந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. ஜூன் மாதத்தில் புது அட்டை கைக்கு வர நாளாகும், அதுவரை சீருடையைப் பார்த்து ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. கண்டக்டர் கேட்டால் சொல்வதற்குப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கட்டும். படிக்கட்டில் தொங்கக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்தத் தைரியம் நமக்கு வேண்டாம்.

பாடம் புரியவில்லை என்று பயப்படுகிறான். ஃபெயில் ஆகிவிடுவானோ?

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. அதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் எண்களுக்கு நடுவே எழுத்துகள் வந்து நிற்கும், ஆங்கிலப் பாடம் திடீரென்று நீளும். முதல் பருவம் எல்லோருக்கும் தடுமாற்றம்தான். வாசிக்கவே வரவில்லை என்றால் அதை மறைக்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். எழுந்து வாசிக்கச் சொல்வார்களோ என்ற பயத்திலேயே பள்ளியை வெறுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பே தெரிந்தால் எல்லோர் முன்னாலும் எழுப்ப மாட்டோம்.

மகளிடம் வயதுக்கு வருவது பற்றி இப்போதே பேச வேண்டுமா? பதினோரு வயதுதான் ஆகிறது.

பேச வேண்டும், பள்ளி திறப்பதற்கு முன்பே பேச வேண்டும். ஆறாம் ஏழாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் முறை வந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு அது அடிபட்ட மாதிரிப் பயம், சட்டையில் கறை பட்டால் அவமானம். இது இயல்பு, நோய் இல்லை, உன் தப்பும் இல்லை, எந்த மிஸ்ஸிடமும் சொல்லலாம் என்று அம்மாவோ அத்தையோ சித்தியோ சொல்லிவைத்தால் போதும். அரசின் 'புதுயுகம்' திட்டத்தில் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் தருகிறார்கள், யாரிடம் கேட்டு வாங்குவது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளட்டும். பையில் ஒரு நாப்கினும் ஒரு மாற்று உள்ளாடையும் இருந்தால் அவள் நிம்மதியாக உட்காருவாள்.

சடங்கு, தீட்டு என்று வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் அவள் மறுபடி புதுப் பிள்ளையாகத்தான் வகுப்புக்குள் வர வேண்டியிருக்கும். சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

பெரிய பையன்கள் வம்பிழுக்கிறார்கள், எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். "திருப்பி அடி" என்று சொல்லலாமா?

"எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பின்னால் சாதி இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரே தெருப் பிள்ளைகளோடு படித்துவிட்டு வருகிற பிள்ளையின் காதில் அந்தக் கேள்வி முதன்முதலில் விழுவது பெரும்பாலும் ஆறாம் வகுப்பில்தான். கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்று தெரிவதும் இங்கேதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறிகள் பள்ளியில் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. நாடே பேசிய விஷயத்தைப் பதினோரு வயதுப் பிள்ளை "தைரியமா" தனியாகச் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

ஆகவே திருப்பி அடிக்கச் சொல்லாதீர்கள். பொறுத்துப் போகவும் சொல்லாதீர்கள். கேட்டவன் முகத்தைப் பார்த்து "நான் ஆறாம் வகுப்பு பி, எதுக்குக் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு நகர்ந்து, அன்றே ஆசிரியரிடமும் வீட்டிலும் சொல்லப் பழக்குங்கள். ஆசிரியரிடம் சொல்வது கோள் மூட்டுவது ஆகாது. நேரில் சொல்லத் தயங்கினால் பள்ளியில் வைத்திருக்கும் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டியில் எழுதிப் போடலாம். 14417 என்ற கல்வி உதவி எண்ணையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பிள்ளையே அழைக்கலாம். பெரியவர் யாராவது தொட்டுத் தொந்தரவு செய்தாலும் இதே எண்கள்தான். நீங்கள் வந்து புகார் சொன்னால் எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் வந்ததைத் தள்ளிப்போடுவது யாருக்கும் கடினம்.

உங்கள் பிள்ளையே கயிறு கட்டிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கிற பக்கம் நின்றால் அதையும் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். புது இடத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு கூட்டம் கிடைத்தால் போதும் என்று மிரண்ட பிள்ளைகள்தான் அதில் சீக்கிரம் சேர்கிறார்கள்.

ஆசிரியர் அடிப்பார் என்று பயப்படுகிறாள். நாங்களும் "சார்கிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டியதுண்டு.

அந்த மிரட்டலை இன்றோடு விட்டுவிடுங்கள். உதவி கேட்க வேண்டிய ஆளையே நீங்கள் பூச்சாண்டி ஆக்குகிறீர்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கிற தாத்தாக்கள் இன்னும் வருகிறார்கள், பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. மீறினால் தலைமையாசிரியரிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

விடுதியில் சேர்த்திருக்கிறோம். போனில் பேசினால் அழுகிறான். எங்களுக்குத் தூக்கமே இல்லை.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கம், வேலை தேடி வெளியூர் போகிற குடும்பங்களில் வேறு வழியே இருப்பதில்லை. இரவு ஏக்கம்தான் இதில் பெரிது. பகலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை விளக்கு அணைந்ததும் அழும். ஆகவே இரவில் போன் பேசாதீர்கள். சாயங்காலம் விளையாட்டு முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் பேசுங்கள், வாரத்தில் குறித்த கிழமையில் தவறாமல் பேசுங்கள். "சாப்பிட்டியா, அழறியா?" என்று கேட்பதைவிட "உன் பக்கத்துல படுக்கிற பையன் எந்த ஊரு? நேத்து என்ன விளையாண்டீங்க?" என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். "நாளைக்கே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வர முடியாத நாளைச் சொல்வதைவிட, வரப்போகும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டுப் போர்வை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், அந்த வாசனை இரவில் உதவும்.

வாரங்கள் கடந்தும் சாப்பாடு இறங்கவில்லை, உடம்பில் காயம் தெரிகிறது, குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே வாய் அடைத்துப்போகிறது என்றால் அதை வீட்டு ஏக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள்.

பேசாமல் வேறு பள்ளிக்கு, தனியார் பள்ளிக்கு மாற்றிவிடட்டுமா?

உண்மையான ஆபத்து இருந்தால் மாற்றுங்கள். மிரட்சிக்காக மாற்றினால், பாதி பழகிய இடத்தை விட்டுவிட்டு இன்னொரு புது இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கணக்கையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-ல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும், 2024-ல் தொடங்கிய ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த வருடம் ஒரு மாதப் பயத்துக்காக எடுக்கிற முடிவு ஏழு வருடம் கழித்து வந்து நிற்கும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஒரு மாதத்துக்கு மேலாகியும் பள்ளி வாசலைக் கண்டாலே உடம்பு நடுங்குகிறது, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டது, விட்டுப்போன படுக்கையில் நனைக்கும் பழக்கம் திரும்பியிருக்கிறது, வீட்டில் பேசுகிற பிள்ளை பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை, இனி வாழ வேண்டாம் என்பது போலப் பேசுகிறது. இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றே போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எங்களுக்கே அந்தப் பள்ளிக்குள் வரத் தயக்கமாக இருக்கிறது. படிக்காதவர்கள், யாரிடம் என்ன பேசுவது?

பிள்ளையைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் அந்தப் பள்ளியில் யாரும் இல்லை. எங்களுக்குத் தேவையானது அந்த விவரம்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் குழுவில் உங்கள் ஊரிலிருந்து யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, முதல் தடவை அவரோடு சேர்ந்து வாருங்கள்.

காலை வழிபாட்டு நேரத்தில் வந்தால் எங்களால் நின்று பேச முடியாது. மதியச் சாப்பாட்டு வேளையிலோ கடைசி மணிக்குப் பிறகோ வாருங்கள். வாசலில் "ஆறாம் வகுப்பு வகுப்பாசிரியரைப் பார்க்கணும்" என்று சொன்னால் போதும். பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படும், வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு, உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.